நாலு அங்குலம்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஊரில் வெயில் ஆளைச் சுட்டுப் பொசுக்கும். பெரிய கிடங்கு ஒன்றுக்குக் காவல். பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடுங்கள் என்று சொன்னவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மனுஷன் காலை அகட்டி அகட்டி நடந்தார்.

"என்ன நடை இது?"

"ஒண்ணுமில்ல."

"என்கிட்டயே மறைக்கிறீங்களா?"

"தொடை உரசிப் புண்ணாயிடுச்சு. நீ அனுப்பின டிரவுசரப் போட்டதுல இருந்துதான்."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக உள்ளாடை தைக்கிறவள் நான். தொடையோடு தொடை உரசக் கூடாதென்றே மெத்தென்ற துணி தேடி, கவட்டில் தையல் வராமல் தனித்துண்டு வைத்துத் தைத்தது அது.

"தையல் குத்துதா?"

"இல்லடி. துணி சுருண்டு மேல ஏறிக்குது."

சுருண்டால் தொளதொளப்பு என்று அர்த்தம். அளக்கச் சொன்னேன். கிடங்கில் பெட்டி அளக்கும் டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றி, "முப்பத்திரண்டு" என்றார்.

நான் தைத்தது முப்பத்தாறுக்கு. கல்யாணமானதிலிருந்து அவரை நான் அளந்ததே இல்லை. என் கைக்குத் தெரியாதா என்ற திமிர். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆளுக்கு வெட்டித் தைத்திருக்கிறேன்.

"கழுவிட்டுத் தேய்க்காம ஒத்தி எடுங்க. நடக்கப் போறதுக்கு முன்னாடி பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. வேர்த்த துணிய உடனே மாத்துங்க."

"சரிங்க டாக்டரம்மா. அடுத்தத முப்பத்திரண்டுக்கே தச்சு அனுப்பு."

சிரிப்பு வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கட்டிப் பிடித்துத் தூங்கிய ஆளில் நாலு அங்குலம் காணோம்.

"தைக்க மாட்டேன்."

"ஏன்டி?"

"அந்த அளவுக்கு என்னால கத்திரி வைக்க முடியாது. கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. நீங்க இல்லாம என்னால முடியல."

அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"நேத்தே போட்டுட்டேன்டி."

மறுநாள் வேலை முடிந்து வந்து துணியை விரித்தேன். முப்பத்திரண்டுக்கு மூன்று வெட்டினேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று, முப்பதுக்கும் ஒன்று வெட்டி வைத்தேன்.