அப்பா பேசிய வீடியோ

என் அப்பா டிரில் மாஸ்டர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் நிற்கிறவன் சட்டையை இழுத்து உள்ளே விட்டுக்கொள்வான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்பெட்டியை எடுத்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார்.

அப்பாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். என் மேல் இருந்த கோபம் நாளாவட்டத்தில் ஆறிவிட்டது, இவர் மேல் இருந்தது ஆறவில்லை. அப்பா வருவார், எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார், ஆனால் எதுவானாலும் என் வழியாகத்தான் போகவேண்டும். ஃபேனைப் போடச் சொல்லும்மா என்பார். சுவிட்ச் இவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இவரும் லேசுப்பட்டவர் இல்லை, நான் வாயைத் திறந்து சொல்லும்வரை அசையமாட்டார். இரண்டு வீம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்தான். ஒரே ஒரு தடவை அப்பா இவரை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. குரல் போகப்போகிறது என்றதும் இந்த நினைப்புதான் முதலில் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று காலை அப்பா தன்னுடைய பழைய கேமராவை என் கையில் கொடுத்தார். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன கேமரா.

“இதுல கொஞ்சம் பேசி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாருங்க.”

ரெண்டு பேரும் என்று அவர் வாயில் வந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

கேமராவின் சின்னத் திரை எப்போதோ செத்துப்போயிருந்தது. பார்க்க வேண்டுமானால் ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரில்தான் பார்க்கவேண்டும். அது இவருடைய செல்லப்பிள்ளை. பாகம் பாகமாக வாங்கிக் கோத்து, மூலைக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்து, வீட்டையே சினிமா கொட்டகை ஆக்கிவைத்திருந்தார். இதில் ஓடாத படமே கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்பாவின் வீடியோ ஓடவில்லை. இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது என்று ஒரு வரி வந்து நின்றது.

இவருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஃபைல் பெயரின் வாலை மட்டும் மாற்றிப் பார்த்தார். வாலை மாற்றினால் நாய் பூனையாகிவிடுமா? வேறொரு பிளேயரில் போட்டார், திரை முழுக்கப் பச்சைக் கட்டமாக வந்தது. கோடெக் என்று ஏதோ ஒரு துணை மென்பொருளை இறக்கினார், கம்ப்யூட்டரே உறைந்து நின்றது. அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று நான் ஓடிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அப்பா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. மெல்ல மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து இவர் போன் செய்தார். வீடியோவை வேறு வகைக்கு மாற்றிவிட்டாராம், ஜம்மென்று ஓடுகிறதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் வீட்டுக்கு வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பெரிய திரையில் அப்பா தெரிந்தார். சற்று நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு உதடு அசைந்தது. சத்தம் இல்லை. இவர் வால்யூமைக் கூட்டினார். வேறொரு படத்தைப் போட்டார், அது காதைக் கிழித்தது. திரும்ப அப்பாவைப் போட்டால் ஊமைப் படம்தான். கேமராவின் பழைய ஒலி அந்த மாற்றுகிற மென்பொருளுக்குப் புரியாமல், படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தத்தை விட்டுவிட்டிருக்கிறது.

பழைய ஃபைலைப் போடுங்க என்றேன். இல்லை. மாற்றி முடிந்ததும் மூல ஃபைலை அழித்துவிடும்படி இவர் நிரந்தரமாக டிக் போட்டு வைத்திருக்கிறார். சினிமாவாக இறக்கி இறக்கி டிஸ்கில் இடம் இருக்காது, ஒரே படத்துக்கு இரண்டு பிரதி எதற்கு என்பது இவர் கொள்கை. கேமராவின் கார்டையாவது பார்க்கலாம் என்றால், அப்பாவுக்குச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று அதையும் துடைத்துவிட்டிருந்தார். அழிந்ததை மீட்டுத்தருகிற கடைக்காரர் டிஸ்க், கார்டு இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

“சத்தம் வருதான்னு பாக்கக்கூடவா தோணல?”

“ஆரம்பத்தைப் போட்டுப் பாத்தேன். பேசாம உக்காந்திருந்தாரு. என் முன்னாடி அவரு எப்பவும் அப்படித்தானே இருப்பாரு.”

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன், அந்தப் பதிலைக் கேட்டதும் பாதி மறந்துவிட்டது. ஆனாலும் என் நாக்குக்கு நரம்பில்லை. பழைய கோபத்தில் வேண்டுமென்றே அழித்தீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் தட்டிலேயே கையைக் கழுவினார். அதன்பின் எங்களுக்குள்ளும் பேச்சு நின்றது.

கழுத்துக் கட்டோடு அப்பாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். எழுதிக் காட்ட ஒரு பலகை வாங்கிக் கொடுத்திருந்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, என்னப்பா பேசினீங்க, எழுதிக் காட்டுங்க என்று கெஞ்சினேன். ‘சொன்னதைச் சொல்லியாச்சு’ என்று எழுதினார். குரல் போனாலும் பிடிவாதம் போகவில்லை. பிறகு அதை அழித்துவிட்டு, ‘போட்டுக் காட்டு’ என்று எழுதினார்.

இவர் போட்டார். அப்பா சோபாவில், நான் பக்கத்தில், இவர் கம்ப்யூட்டர் முன்னால் தரையில். திரையில் அப்பா என்னென்னவோ பேசினார். என்னைப் பற்றித்தான் இருக்கவேண்டும், நடுவில் சிரித்தார். அப்புறம் நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கேமராவை நேராகப் பார்த்தார். உதடு ஒட்டியது, நன்றாகத் திறந்தது, மறுபடியும் ஒட்டிப் பிரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

“என்னைக் கூப்பிடுறாரு,” என்றார் இவர், என்னிடம்கூட இல்லை, பொதுவாக.

அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். வால்யூமை முழுக்க ஏற்றினார். ஒலி அமைப்பைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றினார், ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினார். இந்த மனிதரைப் பார்த்தா வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டேன்?

பக்கத்தில் அசைவு தெரிந்து திரும்பினேன். அப்பா கழுத்துக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, சற்று முன்னால் குனிந்து, இவருடைய முதுகைப் பார்த்து வாயசைத்தார். உதடு ஒட்டியது, திறந்தது, ஒட்டிப் பிரிந்தது.

“என்னங்க, அதை விடுங்க. இங்க திரும்புங்க.”

“ஒரு நிமிஷம் இரும்மா, எப்படியாவது சத்தத்தை வர வெச்சிடுறேன்,” என்றார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அப்பா மறுபடியும் கூப்பிட்டார்.