சக்கரத்திலிருந்து உருவிய கட்டை

ஏரிக்கரை முகாமுக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் மருந்துக்கடைக்காரர் மூன்று குடும்பங்களுக்கு உபதேசம் செய்து முடித்திருந்தார். டென்ட் ஒன்றுதான் முகாம், மற்றதெல்லாம் வீட்டைச் சுமந்து வரும் நத்தைப் பிழைப்பு என்பது அவர் கட்சி. விடுமுறை நாள், ஊசி குத்த இடமில்லாத கூட்டம். கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

எதிர்க்கட்சி அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி. பக்கத்திலேயே சரிவில், காரில் இழுத்துவந்த கேரவனைக் கழற்றி நிறுத்தி, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காமல் தேநீரைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"தரையில படுக்கிறதுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு தூரம்? வீட்டுலயே கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்தா போதாதா?"

உபதேசம் கேட்டவர்களே சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு, காய்ச்சலடித்த அவருடைய ஐந்து வயது மகளை மனைவி அந்தக் கேரவனுக்குள்தான் படுக்க வைத்திருந்தாள். கொள்கையில் அது ஓர் ஓட்டை.

சுத்தியல் கொண்டுவருவதும் அவர் கொள்கையில் இல்லை. இயற்கை கொடுக்குமாம். சரளைத் தரையில் இயற்கை கொடுத்த கல் இரண்டாவது அடியிலேயே உடைந்தது. டென்ட் கயிற்றுக்கான முளை இறங்கவில்லை. கண்ணில் பட்டது கேரவன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை. கேரவனோ நான்கு இரும்புக் கால்களை ஊன்றி அசையாமல் நின்றது. இந்த மனுஷனுக்கு எல்லாமே ரெட்டைப் பாதுகாப்பு என்று முனகியபடி, யாரும் பார்க்காத நேரத்தில் உருவிக்கொண்டார்.

மூன்றாவது முளையை அடிக்கும்போது கிரீச் என்று சத்தம். சகலை கேரவனின் ஒரு காலைத் திருகி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். குமிழி நகர்ந்துவிட்டதாம், நான்கையும் தூக்கிவிட்டு முதலிலிருந்து மட்டம் பார்க்கப் போகிறாராம். ஹேண்ட் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று அதை அவர் எப்போதும் போடுவதில்லை. கட்டைகள்தான் இருக்கின்றனவே.

மருந்துக்கடைக்காரர் ஓங்கிய கட்டையை இறக்கினார். மகள் உள்ளே தூங்குகிறாள். நிறுத்துங்க அண்ணே என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. ஆனால் போட்டால், இயற்கை கொடுத்த சுத்தியல் எங்கிருந்து வந்தது என்று சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காற்று வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். இரண்டாவது கால் ஏறியது. மூன்றாவது. இன்னும் பத்தடிதான்.

நான்காவது காலும் ஏறியது.

கேரவன் முதலில் யோசித்தது. பிறகு சரளை நொறுங்கியது. மறுபக்கச் சக்கரத்தின் கட்டை ஒன்றால் தனியாகத் தாங்க முடியவில்லை, வழுக்கியது. ஏரியைப் பார்த்து வண்டி இறங்கியது. சகலை முன்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அவர் செருப்பு சரளையில் கோடு கிழித்துக்கொண்டே போயிற்று. மருந்துக்கடைக்காரர் பாய்ந்து கட்டையைச் செருகினார். சக்கரம் அதைத் துப்பியது. மறுபடி எடுத்துக்கொண்டு ஓடி, முட்டி சிராய்க்க விழுந்து, முழு உடம்பாலும் திணித்தார். சக்கரம் கட்டைமேல் பாதி ஏறி, அங்கேயே நின்று, மெல்லப் பின்னால் இறங்கி அமர்ந்தது.

தண்ணீருக்கு நான்கு முழம் இருந்தது.

குழாயடியிலிருந்து ஓடிவந்த மனைவி கதவைத் திறந்து குழந்தையை வாரியெடுத்தாள். அது கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வீடு வந்துடுச்சாம்மா?" என்றது.

கூட்டம் கைதட்டியது. சகலை அவரைக் கட்டிக்கொண்டார். "நீ மட்டும் கட்டையோட வரலேன்னா என்ன ஆயிருக்கும் தம்பி…"

ஒரு மூச்சு நேரத்துக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

"எடுத்ததே நான்தான் அண்ணே. முளை அடிக்க."

சகலையின் கைகள் தோளிலிருந்து இறங்கின. திட்டுவார் என்று பார்த்தால், நேரே போய், போடாத ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார்.

மனைவிதான் கேட்டாள். "கால தூக்குறாருன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் காலத் தூக்கும்போதே."

"அப்ப ஏன் கத்தல?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. அவளும் திரும்பி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இவங்களுக்காகவா?" என்றாள் மெதுவாக. குழந்தையை அவருக்கு எட்டாத பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.