வெள்ளாமைக்குக் கொடுத்த மண்

தம்பிதுரை ஓங்கிய கடப்பாரை மறுபடி இறங்குவதற்குள் சண்முகப்ரியா ஓடிவந்து குழிக்குள் குதித்துவிட்டாள். முழங்கால் ஆழம்தான் தோண்டியிருந்தார்கள். கடப்பாரை அவள் காதோரம் விர்ரென்று போய் மண்ணில் குத்தி நின்றது. ஒரு சாண் இப்படி வந்திருந்தால் அந்த வீட்டில் இன்னொரு பிணம்.

"கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு? எந்திரிச்சு அக்கட்டப் போடி!"

"போமாட்டேன். அப்பன இங்க பொதைக்கக் கூடாதுண்ணா."

பளாரென்று அறை விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அவள் எழவில்லை.

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அப்பன் காளிச்சாமி முந்தாநாள் இதே மண்ணில்தான் செத்தார். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரை அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்த பண்ணைக்காரர் வேங்கடசாமியின் ஆட்கள் ஆறு பேர் வளைத்து, மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு, கையிலிருந்த கலப்பையைப் பிடுங்கி அதாலேயே மண்டையைப் பிளந்தார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பு இப்போது வீட்டு வாசலில், ஓலைப் பந்தலுக்கு அடியில் கிடக்கிறது. போலீஸ் ரெண்டு பேரைப் பிடித்திருக்கிறது. வேங்கடசாமியோ கோயமுத்தூரில் மகள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். வயிறு எரியாதா?

மூன்று ஏக்கர் செம்மண் அது. வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டில், மதராசில் துரைமார் கூடிப் பேசி ஓர் உத்தரவு போட்டார்கள். மாடாய் உழைத்தும் ஒரு குழி மண் இல்லாத சேரிச் சனங்களுக்குத் தரிசைப் பிரித்துக் கொடுங்கள் என்று. அப்படிக் காளிச்சாமியின் பாட்டனுக்கு வந்த நிலம். மழை பொய்த்த ஒரு வருசம், வேங்கடசாமியின் தாத்தா ரெண்டு மூட்டை சோளத்தைக் கொடுத்துக் கைரேகை வாங்கிக்கொண்டார். அந்த நிலத்தை வேறு சாதிக்காரன் வாங்கினால் செல்லாது என்று காகிதத்திலேயே இருந்தது. இருந்து என்ன, நூறு வருசமாக ஒரு பயலும் இவர்களுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

படித்துக் காட்டியவள் சண்முகப்ரியா. பெரியநாயக்கன்பாளையத்தில் டைப் கற்றுக்கொண்டவள். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கிய அந்த இங்கிலீஷ் காகிதத்தின் நகலை அப்பனுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். நாலு வருசம் மனுப் போட்டு, கடைசியில் வருகிற வியாழக்கிழமை தாசில்தார் நேரில் பார்க்க வருவதாக ஓலை வந்தது. அதை நம்பித்தான் மனுசன் ஏர் கட்டினார். நான் படித்துத்தானே அப்பன் செத்தார் என்று ரெண்டு நாளாக அவள் நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

இன்று காலை வேங்கடசாமியின் காரியஸ்தர் ரங்கராஜ் எழவு வீட்டுக்கே வந்துவிட்டார். பந்தலடியில் கைகட்டி நின்றார்.

"ஏனுங்க, நடந்தது நடந்துபோச்சுங்க. அவரு ஆசப்பட்ட மண்ணுங்க. அங்கயே அடக்கம் பண்ணிக்கங்க. நாங்க குறுக்க வரலீங்க."

நேற்றுவரை 'டேய்' தவிர வேறு தெரியாத வாய்! தம்பிதுரை கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை சண்முகப்ரியாவுக்கு மட்டும் நினைவு வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து நகலை எடுத்தாள். படித்ததும் அப்படியே ஓடிவந்தாள்.

இப்போது குழிக்குள் உட்கார்ந்தபடியே காகிதத்தை நீட்டினாள்.

"கேளுண்ணா. வெள்ளாமை வெக்கக் குடுத்த மண்ணு இது. வெள்ளாமை இல்லாம வேற எதுக்கு ஆண்டாலும் சர்க்காரு திருப்பி எடுத்துக்கும்னு இதுல போட்டிருக்குது. வியாழக்கெழம தாசில்தாரு வந்து பார்த்தா, சுடுகாடுன்னு எழுதிப்போட்டுப் போயிருவாரு. அதுக்குத்தான் அந்தாளு அத்தன மரியாதையாப் பேசுனான்."

தம்பிதுரைக்கு முகம் கறுத்தது.

"அவனக் கண்டதுண்டமா வெட்டிப்போட்டு வாரேன்!"

"வெட்டு. நீ செயிலுக்குப் போ. ஆத்தா தெருவுல நிக்கட்டும். நெலத்த அவனே வெச்சுக்கட்டும். அப்பன் ஏர் புடிச்சுச் செத்தாருண்ணா. குழிக்காகச் சாகல."

அவன் கடப்பாரையை வீசி எறிந்தான். அது கல்லில் மோதி எகிறியது. கை முஷ்டியால் தன் நெற்றியிலேயே ரத்தம் வரக் குத்திக்கொண்டான். பிறகு பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதான். அழுதுகொண்டே, தோண்டிய மண்ணைக் கையால் தள்ளிக் குழியை மூடினான்.

மதியம் பறை கிளம்பியது. ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பழைய இடுகாட்டுக்கு உடம்பைத் தூக்கினார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். சண்முகப்ரியா மட்டும் வீட்டுக்குத் திரும்பி, அப்பன் விதைக்கென்று வாங்கி வைத்த கொள்ளுப் பையைத் தூக்கிக்கொண்டு செம்மண் காட்டுக்கு நடந்தாள். எழவு வீட்டில் கருமாதி கழியும்வரை விதையைத் தொடமாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். பயமாகத்தான் இருந்தது. அப்பன் உழுது விட்டிருந்த இடத்தில் மடியைக் கட்டிக்கொண்டு விதைக்க ஆரம்பித்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் ரங்கராஜ் வந்து நின்றார்.

"ஏ புள்ள! எழவு ஊட்ல எவளாச்சும் வெதைப்பாளா? அந்த வெள்ளாமை வெளங்குமா? நாளைக்கே மாட்ட உட்டு மேய்க்கிறனா இல்லியா பாரு!"

"உடுங்க. உடற வரைக்கும் வெதைக்கறேன்," என்றாள். கை நிற்கவில்லை.

பின்னால் காலடி கேட்டுத் திரும்பினாள். அம்மா ராசம்மாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, மாரில் அடித்து அடித்துக் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. தீட்டோடு விதையைத் தொட்டாயே என்று அடிக்கத்தான் வருகிறாள் என்று சண்முகப்ரியா நினைத்தாள்.

ராசம்மாள் மண்ணில் விழுந்துகிடந்த விதைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்தன நெருக்கமாப் போடாத கண்ணு. பத்தாது."

மகள் மடியிலிருந்து பாதி விதையை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு அடுத்த உழவுச் சாலுக்குப் போனாள். ஓடைக்கு அந்தப்பக்கம் பறை நின்றது. ராசம்மாளின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கொள்ளு மறுபடி மண்ணில் விழுந்தது.