முனியாண்டி சாட்சியாக ஒரு படம்

என் கணவர் அர்ச்சுனன் ஈப்போவில் லோரி ஓட்டுகிறார். வாரம் முழுக்கப் பொறுப்பான மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செமோர் பக்கத்தில், ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த பழைய தோட்டத்தின் செம்மண் சாலையில், கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளை விரட்டிப் பந்தயம் ஓடுவார். இரண்டு முறை தோள்பட்டை கழன்றிருக்கிறது. அடுத்து எது கழலுமோ என்று ஞாயிறு முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தைப்பூசம் முடிந்த கையோடு பிடித்துக்கொண்டேன். பந்தயத்தை விடுங்கள், இல்லையென்றால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் உடனே என்னைத் தோட்டத்து முனியாண்டி கோவிலுக்கு இழுத்துப்போய்ச் சூடம் ஏற்றினார்.

“நான் ஓடுறத ஒரே ஒரு போட்டோ எடு. மொகம் தெளிவா தெரியணும். அன்னிக்கே மோட்டர வித்துருவேன். ஆனா உங்கம்மா குடுத்த கேமராவுலதான் எடுக்கணும், ஹென்போன் படம் செல்லாதுலா.”

சொல்லிவிட்டுச் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

என்ன கள்ளத்தனம் பாருங்கள். அது சோப்புப் பெட்டி அளவு கேமரா. பொத்தானை அமுக்கினால் யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் படம் எடுக்கும். பிள்ளை பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஊதியபோது புகையை மட்டும் அழகாகப் பிடித்தது.

முதல் பந்தயத்தில் புழுதி கிடைத்தது. அடுத்ததில் ஒரு பின்சக்கரமும், மரத்தடியில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவரும். “பரவால்ல, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்,” என்று அவரே என்னைத் தேற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் நின்று, சாப்பாடு கொண்டுவரும் மோட்டார்களைக் குறிவைத்துப் பழகினேன். வண்டி கடக்கும் இடத்தில் கிடக்கும் கல்லைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அமுக்கி வைத்தால், கேமரா யோசிக்க வேண்டியதை முன்பே யோசித்துவிடுகிறது. வண்டி வந்ததும் அதோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பியபடியே மிச்சத்தையும் அமுக்க வேண்டும். அமுக்கியதும் நின்றுவிடக் கூடாது. இரண்டு நாள் சாம்பார் கருகியது.

அடுத்த ஞாயிறு வளைவில் நின்றேன். தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத்தான் ஓடுவார். வந்தார், திரும்பினேன், அமுக்கினேன். அந்த ஒரு கணம் பயமே வரவில்லை.

பின்னால் செம்பனை மரங்கள் கோடுகோடாக ஓட, சக்கரம் சுழல, நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டு என் புருஷன், அடையாள அட்டைப் படத்தைவிடத் தெளிவாக.

“இது நான் இல்லலா,” என்றார்.

“கோயில் அதோ இருக்கு. போயி அவருகிட்ட சொல்லுங்க.”

முனியாண்டியிடம் விளையாட அவருக்குத் துணிச்சல் இல்லை. அன்று மாலையே மோட்டாரை, கூடப் பந்தயம் ஓடும் சன்னாசிக்கு விற்றுவிட்டு, சாவியைக் கொடுக்கும்போது அழுதார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

படத்தைப் பார்த்த மற்ற ஓட்டிகள் விடவில்லை. “அக்கா, என்னையும் ஒண்ணு எடுத்துக் குடுங்க” என்று ஒரே நச்சரிப்பு. ஞாயிறு காலையில் நான் கேமராவோடு கிளம்பினேன்.

“நீ எதுக்குப் போற?” என்றார்.

“சத்தியம் பண்ணது நீங்கதானே?”

இப்போது அதே வளைவில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய பழைய மோட்டாரில் சன்னாசி வருகிறார். அர்ச்சுனன் குடைக்கம்பை மோட்டார் கைப்பிடி போல முறுக்குகிறார்.

“கியர மாத்தவே மாட்டேங்கறான்லா. நான் ஒரே ஒரு ரவுண்டு போயி…”

“கொடைய ஒழுங்கா புடிங்க. வண்டி வருது.”