ஹைதர் பாயின் ஆணை

ஹைதர் பாய்க்கு நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் கொள்ளைப் பிரியம். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்து முப்பது வருடமாகச் சேலையை விரித்துக் காட்டிப் பேசிப் பேசி வளர்ந்த நாக்கு. எதிரே நிற்பவர் வாங்க வந்தாரா, சும்மா வேடிக்கை பார்க்க வந்தாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதனால் பறவை வேட்டைக்காரர்களுக்கும் வனவிலங்குப் பாதுகாப்பாளர்களுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் விவாதம் என்றதும் வேட்டைக்காரர் சங்கத் தலைவர் ஜெயராஜ் வேறு ஆளைத் தேடவில்லை. "நீங்க பேசுங்க பாய். நான் பேசுனா சண்டை ஆயிரும்லா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

விவாதத்துக்குக் காரணம் கானாங்கோழி. வெள்ளை மார்பும் நீளக் காலுமாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓரங்களில் ஓடித் திரியும் பறவை. மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்கள். அது கத்துவதே அப்படித்தான். லைசென்ஸ் எடுத்தவர்கள் வருடத்தில் சில மாதங்கள் மட்டும் அதைச் சுடலாம். சில வருடம் முன்பு எடுத்துவிட்ட ஒரு மாதத்தை மறுபடி கூட்டித் தாருங்கள் என்று சங்கம் வனவிலங்கு இலாகாவுக்கு மனு போட்டது. இருக்கிறதையே குறைக்க வேண்டும் என்று பாதுகாப்பாளர்கள் எதிர்மனு போட்டார்கள். பத்திரிகையில் மாறி மாறிக் கடிதம் வந்தது. கடிதத்தில் மரியாதை குறைந்துகொண்டே போனது. இரண்டு பக்கமும் தெரிந்தவரான வக்கீல் சபாபதி பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து பேசுங்கள், பேசியதை நான் அறிக்கையாக எழுதி இலாகாவில் சேர்க்கிறேன் என்று மண்டபம் பிடித்தார்.

முதல் கூட்டத்தில் எதிர்ப்பக்கம் பேசியவர் புனிதா டீச்சர். பந்திங்கில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். தாள் தாளாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். பறவை முட்டை வைக்கும் காலத்தில் சுட்டால் ஒன்று சாகாது, ஒரு கூடே சாகும், அதனால் சீசனில் ஒரு மாதத்தை மூட வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தைத் தாளைப் பார்த்துப் படித்தால் யார் கேட்பது? ஹைதர் பாய் எழுந்து, தோட்டத்துக் கால்வாயில் களைக்கொல்லி கலக்கிறதே, அதில் சாகிற கோழிக்கு யார் மனு போடுவது என்று கேட்டார். இடைவேளையில் பாதுகாப்பாளர் மேசையில்தான் கோழி வறுவல் முதலில் தீர்ந்தது என்பதையும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். மலிவான கைதட்டல். அது அவருக்கும் தெரியும்.

புனிதா டீச்சர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு கேள்வி அங்கிள். நீங்க சுடுற மாசத்துல அந்தப் பறவ வயித்துல முட்டை இருந்ததே இல்லியா?" என்றார்.

"டீச்சர், எங்க செட்டுல யாரு சுட்டுக் கோழி விழுந்தாலும் உயிரு போறதுக்குள்ள ஓடிப்போயி பிஸ்மி சொல்லி அறுக்குறது நான்தான். அப்பதான் பாயும் ஜெயராஜும் ஒரே சட்டியில சாப்புட முடியும். இருவத்தாறு வருசம். ஒவ்வொரு கோழியும் இந்தக் கை வழியாத்தான் போயிருக்கு. முட்டையோட ஒன்னக்கூட நான் பாத்ததில்ல. அல்லா மேல ஆணையா சொல்றேன்."

ஆணைக்கு மேல் என்ன கேட்பது? புனிதா டீச்சர் உட்கார்ந்தார். சபாபதி எழுதிக்கொண்டார். ஜெயராஜ் ஹைதர் பாயின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது, சுகமாகவும் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைதர் பாய் பொய்யர் அல்லர். ஒரு விரற்கடை குறைத்துத் துணி கிழித்தார் என்று கிள்ளானில் ஒருவர் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் சொன்னதை அவர் முழுசாக நம்பித்தான் சொன்னார்.

கூட்டம் முடிந்து செந்தூலில் இருக்கும் மகள் ஷஹானா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்காகவே மனைவி இஷ்ரத்தும் கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காரில் ஹைதர் பாய் தன் பேச்சைத் தானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அந்த ஆணைய நீங்க இட்டிருக்க வேணாம்ங்க" என்றாள் கடைசியில்.

"ஏன்?"

"நெறைய இருக்கும்."

"என்ன நெறைய?"

"முட்டைதான். உள்ளுக்குள்ள மஞ்சள் மஞ்சளா, ஓடு கட்டாம. சிலதுல ஓடு கட்டி, வெளிய வர்ற மாதிரியே இருக்கும்."

முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வண்டியை நிறுத்தினார். "இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? எடுத்து உங்க தட்டுலதானே வெச்சேன். நல்லாருக்குன்னு சொன்னீங்க."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். குழம்பில் நெல்லிக்காய் அளவில் உருண்டையாக மிதக்கும் அந்த மஞ்சள் கருவை ஹைதர் பாய்க்கு நன்றாகவே தெரியும். சீசன் தொடங்கினால் அதற்காகவே காத்திருப்பார். ஷஹானா சின்னவளாக இருந்தபோது அதற்காக அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறாள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தாரா? கத்தியோடு அவர் வேலை முடிந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து பையை அடுக்களை வாசலில் வைப்பார், குளிப்பார், லுஹர் தொழுவார், சாப்பிடுவார், தூங்குவார். அவர் தூங்குகிற நேரத்தில் சிறகு பிடுங்கி வயிற்றைக் கிழித்துக் கழுவியதெல்லாம் இஷ்ரத். கடையில் வாங்கிய கோழியின் கரு என்று நினைத்தேன் என்று அவர் சொல்லப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டார். கைக்கு எட்டாதது வாய்க்கு எட்டியிருக்கிறது. அவர் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் முழுதும் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெண்மணி சேலையைத் தடவிப் பார்த்து, "சாயம் போகாதுல்ல பாய்?" என்றாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற கேள்வி. 'சத்தியமா போகாது' என்று வாய்வரை தானாக வந்தது; பாதியில் நின்றது. "தொவச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். அவள் வாங்காமல் போய்விட்டாள்.

அறியாமல் இட்ட ஆணைக்குக் குற்றமில்லை என்று அவருக்குத் தெரியும். பள்ளிவாசலில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஆணை அறிக்கையில் ஏறிவிட்டதே. அதைப் படித்துவிட்டு இலாகா ஒரு மாதத்தைக் கூட்டிக் கொடுத்தால், அந்த மாதம் சாகிற ஒவ்வொரு முட்டைக்கோழிக்கும் தன் பெயர்தானே பொறுப்பு? இதற்கு யாரிடம் போய் விளக்கம் கேட்பது?

ஜெயராஜைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். ஜெயராஜ் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"தெரியாம சொன்னது பொய்யா பாய்?"

"சொன்னப்ப பொய் இல்ல. இப்ப பொய்."

"நீங்க இன்னொரு பொய் சொல்ல வேணாம். சும்மா இருங்க. அது போதும்."

"சும்மா இருக்குறதுதான் ஜெயராஜ் முடியல."

ஜெயராஜ் டம்ளரை வைத்தார். "ஆறு நாளு லோரி ஓட்டுறேன் பாய். அவ போனதுக்கப்புறம் வீட்டுக்குப் போனா டிவிதான் பேசும். சீசன் வந்தா ஞாயித்துக்கிழமை ஒன்னு இருக்கு எனக்கு. அதையும் பிடுங்கி டீச்சர் கையில குடுக்கப் போறீங்களா?"

ஜெயராஜின் மனைவி இறந்தபோது மூன்று நாள் கடையை மூடிவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஹைதர் பாய். புனிதா டீச்சரின் தாள்களில் இந்த ஜெயராஜ் எங்கே வருகிறார்? எங்கேயும் வரவில்லை. அதை நினைத்து அவருக்குக் கோபமாகக்கூட இருந்தது. ஆனால் கோபம் ஆணையை அழிக்காது.

இரண்டாவது கூட்டத்தில் சபாபதி போன தடவைப் பேச்சைப் படித்தார். ஆணை வந்த இடத்தில் ஹைதர் பாய் எழுந்தார்.

"அத அடிச்சிருங்க சார். அது சரியில்ல. முட்டை இருந்திருக்கு. நெறையவே இருந்திருக்கு. நான் அறுத்ததோட சரி, தொறந்து பாத்ததில்ல. ஆனா சாப்புட்டிருக்கேன்."

பாதுகாப்பாளர் பக்கம் படபடவென்று கை தட்டியது. ஹைதர் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"கை தட்டாதீங்க! நான் உங்க பக்கம் வரல. நான் சொன்னத திருப்பி எடுக்க வந்தேன்."

கைதட்டல் நின்றது. புனிதா டீச்சர் மெதுவாக, "எந்த மாசத்துல அதிகமா இருந்துச்சு அங்கிள்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? தொறந்து பாத்தவ அங்க உக்காந்திருக்கா. அவளக் கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. இஷ்ரத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். மாதத்தின் பெயர் எதுவும் அவள் வாயில் வரவில்லை. ஜெயராஜ் வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வரும் சமயத்தில் பத்துக்கு இரண்டு இருக்கும் என்றாள். மழை பிடித்துக் கொடியில் துணி காயாத வாரங்களில் பாதிக்குமேல் இருக்கும். டீச்சர் மூடச் சொன்ன மாதத்தில் அவ்வளவாக இருக்காது, பறவை மெலிந்து போயிருக்கும். சங்கம் கூடுதலாகக் கேட்டிருக்கிற மாதம்தான் எல்லாவற்றிலும் மோசம். அதைத் திறந்துவிட்டிருந்த வருடங்களில் ஓடு கட்டின முட்டையே இருக்கும். நேற்றுக் கழுவிய மாதிரி ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

புனிதா டீச்சர் தாளில் எழுதி வைத்திருந்த மாதத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். சபாபதியும் எழுதினார். இரண்டு மனு, இத்தனை கடிதம், இத்தனை பேச்சு. தெரிந்த ஒருத்தியை ஒருவரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியவர் தான்தான் என்று ஹைதர் பாய் நினைத்தார்.

ஜெயராஜ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "இந்த வருசம் லைசென்ஸ் எடுப்பீங்களா பாய், மாட்டீங்களா?"

"மாட்டேன்."

ஜெயராஜ் எழுந்து வெளியே போனார். நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூட ஹைதர் பாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காருக்கு வந்ததும் ஃபோனைத் திறந்தார். அவர்கள் செட்டின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஜெயராஜ் அவரை நீக்கியிருந்தார். எப்போதோ கிள்ளான் ஆற்றோரம் ஆறு பேரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம், அதற்குக் கீழே நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்ற ஒரு வரி. அவர் இஷ்ரத்திடம் ஃபோனைக் காட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே சீசன் வந்தா ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?" என்றாள்.

"தெரியல." கண் கலங்கியது, அவர் மறைக்கவில்லை. சாவியைப் போட்டவர், திருப்பாமல் அப்படியே இருந்தார். "நீ என்ன செய்வே?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே கேட்கிறாரா என்று பார்த்தாள். கேட்கிறார் என்று தெரிந்தது.

"மத்தியானத்துல தூங்கணும்ங்க" என்றாள்.