பன்னிரண்டு ஆள் எடை

மாவு ஆலையில் மூட்டை தூக்குகிறவர், ஒரு செவ்வாய்க்கிழமை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு ஆள் எடைக்கு ஏறிவிட்டார். உடம்பு பெருக்கவில்லை, சட்டை அதேதான். குளியலறையில் இரண்டு ஓடு உடைந்தது, மதியம் கட்டில் போனது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடியற்காலை ஷிப்டுக்குப் பேருந்து விடலாமா என்று நகராட்சி வீடு வீடாகக் கேட்டது. கேட்கப் போனது காலை பத்து மணிக்கு. கதவைத் திறந்தவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்கு எதற்கு என்றார்கள். பட்டியலிலிருந்த ஆலைக்காரர் பன்னிரண்டு பேரில், கை சுளுக்கி வீட்டிலிருந்த இவர் மட்டும் அகப்பட்டார், பேருந்து வேண்டும் என்றார். அகப்படாத பதினொரு பேருக்கும் சேர்த்து இவர் பதிலுக்குப் பன்னிரண்டு ஆள் எடை போடச் சொன்னது அலுவலகம். கணக்கெடுக்க வந்த பெண் பன்னிரண்டு என்று சரியாகத்தான் எழுதினாள். பதிலின் கட்டத்தில் எழுதாமல் ஆளின் கட்டத்தில் எழுதிவிட்டாள்.

லாரிக்கு ஏறும் பலகை இவர் கால் வைத்ததும் முறிந்தது. சனிக்கிழமைக்குள் இளைக்காவிட்டால் வேறு ஆள் என்றார் மேஸ்திரி. அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்க பதிலை அடிச்சிட்டா இப்பவே எறங்கிடும்."

"பஸ்ஸு?"

"வராது."

அதே ஆலையில் மாவு சலிக்கும் அவர் மனைவி இருட்டில் ஒரு மணி நேரம் நடந்து வேலைக்குப் போகிறவள். "அடிக்காதேம்மா," என்றார் அவர். "அந்தப் பதினொரு பேரையும் போய்க் கேளு."

"உங்களத் தூக்கிட்டு அலைய என்னால ஆகாது, கேளும்மா," என்றாள் மனைவி.

ஷிப்ட் விடும் நேரத்தில் மூவரும் ஆலை வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவர் வாய் திறந்தபோதும் இவருக்கு ஓர் ஆள் எடை குறைந்தது. ஒருவன், "எனக்கு சைக்கிள் இருக்கு, பஸ்ஸு வேணாம்," என்றான். மனைவி முறைத்தாள். "அதையும் எழுதும்மா, அவன் பாரத்த நான் ஏன் சுமக்கணும்?" என்றார் இவர். பதினோராவது ஆள் வாய்ப்பூட்டு. கல்யாணத்தன்றுகூடத் தலையை மட்டும் ஆட்டியவர். கெஞ்சியும் பேசவில்லை.

மேஸ்திரி திட்டிக்கொண்டே பலகையை இரட்டையாகப் போட்டார். மறுமாதம் பேருந்து வந்தது. முதல் ஆளாக ஏறி, மூட்டைக்காரரின் மனைவிக்கு ஜன்னல் இருக்கை பிடித்து வைக்கிறவர் வாய்ப்பூட்டுதான். அவருடைய எடை இன்னும் இவரிடம் இருக்கிறது. ஓட்டுநர், இவர் உட்காரும் இடப்பக்க டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடித்துக்கொள்கிறார்.