முறம் பிடித்தவர்கள்

என் கையெழுத்தை நம்பித்தான் கோதண்டபாணி அண்ணன் அந்தச் சூளையைத் திறந்தார்.

1971 மே மாதம். விருத்தாசலத்தில் பழமலை முதலாளியின் பீங்கான் பட்டறையில் எனக்கு அது மூன்றாவது வருடம். கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுவது என் வேலை. கூடவே இன்னொரு பொறுப்பும் இருந்தது. பட்டறையில் இரண்டு சூளைகள். நெருப்பை அணைத்த நாளையும் நேரத்தையும் ஒரு சிலேட்டில் எழுதி அந்தந்தச் சூளையின் வாசலில் மாட்டவேண்டும். இரண்டு நாள் முழுசாக ஆறிய பிறகுதான் வாசல் செங்கல்லைப் பிரிப்பார்கள். பிரித்ததும் அந்தச் சிலேட்டைத் துடைத்துவிடுவது வழக்கம். "சிஸ்டருங்க ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, எழுத்து அச்சு மாதிரி இருக்குது" என்று முதலாளிதான் அதை என்னிடம் கொடுத்திருந்தார்.

அன்று வியாழக்கிழமை காலை. நாலு நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்த கோதண்டபாணி அண்ணன் இரண்டாவது சூளையின் செங்கல்லை உருவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து 'டிங், டிங்' என்று சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு நிற்கவேயில்லை. சூடு ஆறாத பீங்கான்மேல் வெளிக்காற்று பட்டால் அப்படித்தான் வெடிக்கும். ஓட்டலுக்கென்று செய்த கோப்பை அத்தனையும் விரிசல் விட்டுப்போயின. வாசலோரம் அடுக்கியிருந்தவை துண்டு துண்டாகத் தரையில் விழுந்தன.

முதலாளி ஓடிவந்தார். "கண்ணு அவிஞ்சா போச்சு? சிலேட்ட பாக்காம எதுக்குய்யா கைய வெச்ச?"

"பாத்துதான் மொதலாளி பிரிச்சேன். திங்கக்கெழமன்னு போட்டிருந்துச்சு. கல்லு சுடுதேன்னுகூட தோணுச்சு. இந்த வெயில்ல எதுதான் சுடல? அமிர்தம் எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் குரலை இறக்கினார். "இல்ல, நாந்தான் தப்பா படிச்சிட்டனோ என்னமோ."

"நாளையிலேருந்து நீ வர வேணாம்."

நான் முதல் சூளையின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். 'புதன், மாலை 6 மணி' என்று என் கையெழுத்து அங்கே தொங்கியது. திங்களன்றே அணைத்துவிட்ட சூளை அது. முந்தின நாள் சாயந்திரம் இரண்டு சிலேட்டையும் கழற்றி, பளிச்சென்று எழுதி, மாற்றி மாட்டியிருக்கிறேன்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. முதலாளியின் அக்கா சொர்ணாம்பாள் அன்று முதல் பஸ்ஸிலேயே பெண்ணாடத்திலிருந்து வந்து, ஆபீஸ் அறை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். தன் மகன் ராஜமாணிக்கத்துக்கு என்னைப் பார்க்கத்தான். சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் அவரை நான் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. "மூணு வருசத்துல ஒரு கோப்ப ஒடைச்சதில்லக்கா" என்று முதலாளி என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தாராம்.

பிரித்த சூளையின் சிலேட்டை வழக்கம்போல் அப்போதே துடைத்திருந்தேன்; ஈரத்துணி இன்னும் என் கையில் இருந்தது. முதல் சூளையின் சிலேட்டிலும் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

எனக்கு அப்போது பள்ளிக்கூடத்து சிஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்த காலம் அது. நெற்றியில் விபூதியோடு நின்று ஜெபப்பாட்டுப் பாடுவோம். விபூதியை அழி என்று ஒருவரும் சொன்னதில்லை. மதியம் பால்பவுடர் கலந்த கஞ்சி. மாடிப்படி ஏறிவரும் சிஸ்டரின் கஞ்சிபோட்ட வெள்ளை அங்கி சரசரக்கும் சத்தத்திலேயே வகுப்பு அடங்கிவிடும். அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம். எதையாவது உடைத்தவர், உடைந்ததில் ஒரு துண்டை எடுத்துப்போய் சிஸ்டரின் மேசைமேல் வைத்து, "நான்தான் உடைச்சேன்" என்று சொல்லவேண்டும். அதற்குமேல் ஒரு கேள்வி வராது.

ஏழாம் வகுப்பில் நான் ஜெப அறைப் பூச்சாடியை உடைத்தேன். துண்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். சிஸ்டர் அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"தொடப்பம் எடுத்துட்டு வாம்மா."

நான் கூட்டினேன். அவர் அந்த வெள்ளை அங்கியோடு தரையில் மண்டியிட்டு எனக்கு முறம் பிடித்தார். "கைய கிழிச்சிக்காத" என்றார், அவ்வளவுதான். இத்தனை படித்தேனே, எந்தப் பாடமும் எனக்குள் அப்படி இறங்கியதில்லை.

கோதண்டபாணி அண்ணன் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான் குனிந்து ஒரு கோப்பைத் துண்டை எடுத்தேன். இன்னும் சுட்டது. ஆபீஸ் அறைக்குள் போய் மேசைமேல் வைத்தேன். பின்னாலேயே முதலாளி வந்தார்.

"நான்தான் ஒடைச்சேன் மொதலாளி. சிலேட்ட மாத்தி மாட்டிட்டேன். அண்ணன் சரியாத்தான் படிச்சாரு. மொத சூளையில போயி பாருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு பெஞ்சியில் இருந்த அக்காவைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்துச் சூளை வாசலுக்குப் போனேன்.

கூட்டத் தொடங்கியதும் என் முன்னால் ஒரு நிழல் விழுந்தது. சொர்ணாம்பாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையில் முறம்.

"அக்கா, ஒனக்கு எதுக்கு இந்த வேல? எழுந்திரு."

"நீ சும்மா இருடா. மொதல்ல அந்த ஆள நாளைக்கு வரச்சொல்லு." என் பக்கம் திரும்பினார். "ஏன்டி சொன்ன? ஒருத்தரும் பாக்கலியே."

"ஸ்கூல்ல அப்படித்தாம்மா பழக்கம்."

"அது சரி. மூணு வருசமா மாறாத சிலேட்டு நேத்து மட்டும் எப்படி மாறுச்சு?"

நான் குனிந்து கூட்டினேன்.

"நேத்து சாயந்திரம் மாமன பாக்கணும்னு எம் மவன் இங்க வந்தானே. தண்ணி கேட்டானா?"

"கேட்டாரு."

"எத்தினி சொம்பு?"

"மூணு."

"வூட்டுல அர சொம்பு உள்ள போவாது அவனுக்கு!" அவர் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த துண்டுகள் குலுங்கின. பிறகு சாவகாசமாகக் கேட்டார். "அந்த ஸ்கூலுல புள்ளைங்கள சேக்க எத்தினி வயசு ஆவணும்?"

"அஞ்சு முடியணும்மா."

"யாரு புள்ளைங்களக்கா?" என்றார் முதலாளி.

சொர்ணாம்பாள் முறத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"நல்லா கூட்டு. அந்த மூலையில கெடக்குது பாரு. கைய கிழிச்சிக்காத."